ஜிம்மில் ஸ்மார்ட்வாட்ச்: எதைப் பிடிக்கும், எதைக் கோட்டை விடும்

வேலூர் சத்துவாச்சாரிக்காரரான பளுதூக்கும் வீரர் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அதே தூக்கலை இன்றைய கார்மின் வாட்சைக் கட்டிக்கொண்டு யாராவது செய்தால் திரையில் ரெப் (ஒரு அசைவை ஒருமுறை முழுதாகச் செய்வது) எண்ணிக்கையே வராது. ஒரு செட்டில் குறைந்தது நான்கு ரெப் ஆன பிறகுதான் எண்ணிக்கை தெரியும் என்று அதன் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கனமான எடையில் ஒன்று, இரண்டு, மூன்று ரெப் என்று அடிப்பவர்களுக்கு எண்ணும் வசதி இருந்தும் இல்லாததுதான். வாங்குவதற்கு முன்பே இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும்.

இந்த வாட்சுகள் ஓடுகிறவரையும் நடக்கிறவரையும் மனதில் வைத்து வளர்ந்தவை. காலையில் கோட்டையைச் சுற்றி நடக்கிறவரின் கை ஒரே தாளத்தில் ஆடும், நாடித்துடிப்பு மெல்ல ஏறி ஒரு இடத்தில் நிற்கும், மணிக்கட்டு மடங்காது. ஜிம்மில் எல்லாமே தலைகீழ். 30, 40 விநாடி உழைப்பு, அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் சும்மா உட்கார்தல். ராடை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை புடைக்கும், மணிக்கட்டு பின்னால் வளையும். சென்சார் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே இவ்வளவும் நடக்கிறது.

ரெப் எண்ணுவது எப்படி என்று பார்த்தால் எங்கே தவறும் என்பதும் புரிந்துவிடும். வாட்சுக்குள் இருக்கும் ஆக்சிலரோமீட்டரும் ஜைரோஸ்கோப்பும் மணிக்கட்டு நகர்வதை மட்டுமே அறியும். அந்த நகர்வு ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அதை ரெப் என்று எடுத்துக்கொள்ளும். டம்பெல் கர்ல், ஷோல்டர் பிரஸ், லாட் புல்டவுன், ரோயிங் ஆகியவற்றில் கை நன்றாக வீசி நகர்வதால் கணக்கு பெரும்பாலும் சரியாக வரும், ஒன்று முன்னே பின்னே இருக்கலாம். லெக் பிரஸ், லெக் எக்ஸ்டென்ஷன், உட்கார்ந்து போடும் காஃப் ரெய்ஸ் எதிலும் கை கைப்பிடியைவிட்டு அசையாது, அதனால் வாட்சுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்குவாட்டில் ராடோடு சேர்ந்து கையும் இறங்கி ஏறுவதால் பிடித்துக்கொள்ளும், ஆனால் அரைகுறையாக உட்கார்ந்தால் விட்டுவிடும். இதை ஒரு விதத்தில் நேர்மையான மாஸ்டர் என்று சொல்லலாம்.

மெதுவாக இறக்குகிற ரெப்பும் இதற்குச் சரிப்படாது. மூன்று நான்கு விநாடி எடுத்து இறக்கினால் வேகமாற்றம் குறைவு, வாட்ச் அதை ஓய்வு என்று நினைத்துவிடும். கையை மாற்றி மாற்றி அடிக்கும் டம்பெல் கர்லில் வாட்ச் கட்டிய கை மட்டுமே கணக்கில் வரும்; இருபது அடித்தால் பத்து காட்டும். இரண்டு பயிற்சியை இடைவெளியில்லாமல் அடுத்தடுத்துப் போடும் சூப்பர்செட்டை ஒரே செட்டாகப் பதிவு செய்யக் கூடாது, ஒரு செட்டில் ஒரே வகை அசைவைத்தான் எண்ணத் தெரியும். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ராடை ஸ்டாண்டிலிருந்து எடுப்பது, திரும்ப வைப்பது, செட் முடிந்ததும் துண்டால் முகம் துடைப்பது எல்லாம் ஒரு ரெப், இரண்டு ரெப் என்று கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே ஜிம்முக்கான வாட்சில் முதலில் பார்க்க வேண்டியது எண்ணும் திறமையை அல்ல, பட்டனை. வியர்வை வழியும் விரலுக்கும் சாக் பவுடர் ஒட்டிய விரலுக்கும் தொடுதிரை ஒழுங்காக மசியாது. ஒரு தட்டுக்கு இரண்டு தட்டாக எடுத்துக்கொள்ளும், அல்லது எடுத்துக்கொள்ளவே செய்யாது. ஐந்து பட்டன் வைத்த கார்மின் ஃபோர்ரன்னர், இன்ஸ்டிங்க்ட் வகை வாட்சுகள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிம்மில் மற்றவற்றைவிட நிம்மதி.

கார்மினில் நடைமுறை இப்படி. ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஸ்ட்ரெங்த் பயிற்சியைத் தேர்ந்தெடுங்கள், மறுபடி ஸ்டார்ட், முதல் செட் ஓடத் தொடங்கும். செட் முடிந்ததும் கீழ் வலதுபக்கம் இருக்கும் பேக் பட்டன். அதுதான் லேப் பட்டனும். அழுத்தியவுடன் ஓய்வுக் கடிகாரம் ஓடும். இந்த ஓய்விலேயே போன செட்டின் ரெப்பையும் எடையையும் திருத்திவிடுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாவது செட்டில் 50 போட்டோமா 52.5 போட்டோமா என்பது நினைவில் இருக்காது. ஓய்வு முடிந்ததும் மறுபடி அதே பட்டன், அடுத்த செட். எல்லாரும் தவறுவது இந்தக் கடைசி அழுத்தலில்தான். மறந்துவிட்டால் செட் முழுக்க ஓய்வு நேரத்தில் கலந்துவிடும், அதற்குப் பிறகு எல்லாமே ஒரு செட் பின்னால் போகும். இதற்கு மருந்தாகத் தானே செட்டைக் கண்டுபிடிக்கும் ஆட்டோ செட் வசதி இருக்கிறது. அதை அணைத்து வைப்பது நல்லது. ரேக்கில் பிளேட் மாட்டுவதைக்கூடப் புது செட் என்று தொடங்கிவிடும் ஆர்வக்கோளாறு அதற்கு.

உடற்பயிற்சியின் பெயரைத் தானாகக் கண்டுபிடிப்பதிலும் நம்பிக்கை வைக்க வேண்டாம். பெஞ்ச் பிரஸ்ஸை ஷோல்டர் பிரஸ் என்றும், ரோயிங்கை வேறொன்று என்றும் எழுதிவைக்கும். போனில் இருக்கும் கார்மின் கனெக்ட் செயலியில் அன்றைய அட்டவணையை முன்கூட்டியே போட்டு வாட்சுக்கு அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. ஸ்குவாட் 5 செட், ஒவ்வொன்றும் 5 ரெப், இடையில் 3 நிமிடம் என்று கொடுத்துவிட்டால் பெயர், எடை, ஓய்வு எல்லாம் வரிசையாக வரும். நீங்கள் பட்டன் மட்டும் அழுத்தினால் போதும். எடையின் அலகு பவுண்டில் இருந்தால் முதல் நாளே கிலோவுக்கு மாற்றிவிடுங்கள், பின்னால் மாற்றினால் பழைய கணக்கில் அசிங்கமாக எண்கள் நிற்கும்.

எடை என்றதும் இதையும் சொல்ல வேண்டும். ஒலிம்பிக் ராடு ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ என்பது போட்டி அளவு. தெருவுக்கு ஒன்றாக இருக்கும் நம் ஜிம்களில் கிடக்கும் ஐந்தடி, ஆறடி ராடுகள் அந்த எடை கிடையாது. வளைந்த இசட் ராடு இன்னும் குறைவு. எல்லாவற்றையும் 20 என்று வாட்சில் ஏற்றினால் ஜிம் மாறும் நாளில் உங்கள் பலம் திடீரென்று கூடியதுபோலவோ குறைந்ததுபோலவோ தெரியும். எடை மிஷினில் ராடைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை, பிடிக்காமல் ஒருமுறை ஏறி வித்தியாசத்தை எழுதிவைத்துக்கொண்டால் தீர்ந்தது.

அடுத்து நாடித்துடிப்பு. வாட்சின் அடியில் எரியும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்தத்தின் அளவு கூடிக் குறைவதற்கேற்பத் திரும்பி வருகிறது. அந்த வெளிச்சத்தைக் கொண்டுதான் துடிப்பைக் கணக்கிடுகிறது. ராடை இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டுக்குப் போகும் ரத்தம் குறைகிறது; வாட்ச் லேசாகத் தூக்கிக்கொண்டு வெளி வெளிச்சம் உள்ளே நுழைகிறது. விளைவாக, மூச்சு வாங்கும் டெட்லிஃப்ட் செட்டில் 95 என்று காட்டிவிட்டு, கீழே வைத்து நின்ற பிறகு 140-க்குத் தாவும். பழுதொன்றும் இல்லை, அந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு அது.

நம் ஊர்க் கைகளில் இதற்கு மேலும் சில சிக்கல்கள். கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறோ கறுப்புக் கயிறோ வாட்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் சென்சார் தோலைவிட்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்கும், அவ்வளவு போதும், கணக்கு கெட்டுவிடும். கயிற்றை அவிழ்க்க மனம் வராது, அவிழ்க்கவும் வேண்டாம், வாட்சை மறு கைக்கு மாற்றுங்கள். மாற்றிய கையைச் செட்டிங்கில் சொல்லவும் மறக்க வேண்டாம். காப்பு போட்டவர்களுக்கும் இதே யோசனைதான். காப்பு வாட்சின் கண்ணாடியில் உரசிக் கோடு போடுவது தனிக் கதை. மணிக்கட்டில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் மை வெளிச்சத்தை விழுங்கிவிடும், அந்தக் கையில் எந்த விலை வாட்சும் சரியாகக் காட்டாது.

கட்டும் இடம் முக்கியம். மணிக்கட்டு எலும்பிலிருந்து இரண்டு விரல் அகலம் முழங்கைப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள். செட் போடும்போது ஒரு ஓட்டை இறுக்கம், முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ரிஸ்ட் ராப் கட்டுகிறவர்கள் ராப்பைத் தாண்டி முழங்கைப் பக்கம் வாட்ச் வரும்படி கட்ட வேண்டும், ராப்புக்குள் அமுங்கினால் ரத்தமும் ஓடாது, பட்டனும் தானாக அழுந்தும்.

துடிப்பு துல்லியமாகத்தான் வேண்டும் என்பவர்கள் மார்பில் கட்டும் பட்டைக்குப் போக வேண்டும். போலார் எச்10 போன்றவை வெளிச்சத்தை நம்பாமல் இதயத்தின் மின்துடிப்பையே எடுக்கின்றன, கார்மின், ஆப்பிள் இரண்டோடும் சேரும். பட்டையின் உள்பக்கம் இருக்கும் எலக்ட்ரோடுகளைத் தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். காய்ந்து கட்டினால் முதல் ஐந்து பத்து நிமிடம் கன்னாபின்னாவென்று எண்கள் வரும், வியர்த்த பிறகு சரியாகிவிடும். பயிற்சி முடிந்ததும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். ஈரப் பட்டையிலேயே விட்டால் உள்ளே ஓடிக்கொண்டே இருந்து சிஆர்2025 பேட்டரி சீக்கிரம் தீரும். ஒரு குறை: நெஞ்சைச் சாய்த்துப் போடும் ரோயிங் மிஷினில் அந்தச் சென்சார் நடுநெஞ்சில் குத்தும். அந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் பட்டையைச் சற்றுக் கீழே இறக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஆனால் வெயிட் போடுவதற்குத் துடிப்பு எண் அவ்வளவு தேவையா என்றால், இல்லை. தசை எவ்வளவு உழைத்தது என்பதைத் துடிப்பு சொல்லாது. மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தமும் துடிப்பும் எகிறும், அதற்கும் எரிந்த சக்திக்கும் நேர்க்கணக்கு கிடையாது. வேலூர் வெயிலில் இன்னொரு குழப்பம் சேர்கிறது. மே மாதத்தில் ஏசி இல்லாத, ஒற்றை ஃபேன் சுற்றும் ஜிம்மில் உடம்பு தன்னைக் குளிரவைக்கவே ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும்; அதே எடை, அதே செட்டுக்குத் துடிப்பு மார்கழியைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஸ்டாமினா போய்விட்டது என்று கவலைப்படத் தேவையில்லை.

உச்சத் துடிப்பை 220-இல் வயதைக் கழித்து வாட்ச் தானே வைத்துக்கொள்ளும். 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் 2001-ஆம் ஆண்டுச் சூத்திரம் இன்னும் நெருக்கமானது. 40 வயதில் இரண்டும் 180-தான். 55 வயதில் முதலாவது 165 என்கும், இரண்டாவது 169 அல்லது 170 என்கும். எதுவானாலும் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறும்.

கலோரி விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்லிவிடலாம்: நம்பாதீர்கள். ஸ்டான்ஃபோர்டில் ஏழு மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். துடிப்பில் பெரும்பாலானவை தேறின. எரிந்த கலோரியில் இருப்பதிலேயே நல்லது 27 சதவீதம், மோசமானது 93 சதவீதம் தவறியது. கையால் போடும் கணக்கே மேல். சும்மா உட்கார்ந்திருப்பதைவிட எத்தனை மடங்கு சக்தி எரிகிறது என்பதற்கான அளவு மெட். மிதமாக வெயிட் போடுவதற்கு 3.5 மெட், கடுமையாகப் போட்டால் 6 மெட் என்று வைத்திருக்கிறார்கள். 70 கிலோ ஆள் ஒரு மணி நேரம் மிதமாகப் போட்டால் 70 பெருக்கல் 3.5, அதாவது 245 கலோரி. அதில் சும்மா உட்கார்ந்திருந்தாலே 70 போயிருக்கும், உண்மையான லாபம் 175. வாட்ச் 520 காட்டுகிறதே என்று ஆம்பூர் பிரியாணியில் ஒரு பிளேட் கூடுதலாகச் சொன்னால் யார் மேல் குற்றம்?

கார்மினின் ட்ரெய்னிங் லோடு, ரெக்கவரி டைம் எல்லாமே துடிப்பை வைத்துப் போடப்படுபவை. அதனால் ஐந்து செட் கனமான ஸ்குவாட்டைச் சின்ன வேலை என்றும், ட்ரெட்மில்லில் அரை மணி ஓட்டத்தைப் பெரிய வேலை என்றும் எழுதிவைக்கும். எட்டு மணி நேரத்தில் தயார் என்று அது சொல்வதைக் கேட்டு மறுநாளே மறுபடி லெக் டே வைக்க வேண்டாம். ஆப்பிளில் 2024-இல் வந்த வாட்ச்ஓஎஸ் 11 முதல், பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கஷ்டப்பட்டீர்கள் என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் நீங்களே மதிப்பெண் போடலாம். வெயிட் போடுகிறவர்களுக்கு இந்த எளிய வழிதான் பொருந்துகிறது.

ஆப்பிள் வாட்சில் ரெப் எண்ணும் வசதி உள்ளுக்குள் இல்லை. அதன் ஸ்ட்ரெங்த் பயிற்சி நேரம், துடிப்பு, கலோரியோடு நின்றுவிடும். ஹெவி, ஸ்ட்ராங் போன்ற செயலிகளைப் போட்டுக்கொண்டால் மணிக்கட்டிலேயே செட், எடை, ரெப் எழுதலாம், ஓய்வு முடிந்ததும் கையில் அதிரும். உச்ச எடையையும் கணித்துக் காட்டும்: எடையை, ரெப்பை 30-ஆல் வகுத்து 1 சேர்த்த எண்ணால் பெருக்குவது வழக்கமான கணக்கு; 60 கிலோவை 8 முறை தூக்கினால் 76. பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

ஆப்பிளின் பெரிய எரிச்சல் பக்கவாட்டில் இருக்கும் அந்தச் சுற்றும் திருகு (டிஜிட்டல் கிரவுன்). புஷ்-அப்பிலும் ஃப்ரண்ட் ஸ்குவாட்டிலும் மணிக்கட்டு பின்னால் வளையும்போது புறங்கை திருகை அமுக்கும். ஆப்பிளின் குரல் உதவியாளரான ‘சிரி’ விழித்துக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்கும். பக்கப் பட்டனும் சேர்ந்து அழுந்தினால் பயிற்சியே நின்றுபோகும், உங்களுக்குத் தெரியவும் தெரியாது. செட்டிங்கில் பொது, ஓரியன்டேஷன் என்று போய்த் திருகை முழங்கைப் பக்கமாகத் திருப்பிக் கட்டிக்கொண்டால் தொல்லை தீரும். சாக் பவுடர் புகுந்து திருகு சுற்ற மறுத்தால் வாட்சை அணைத்துவிட்டு வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் 10, 15 விநாடி காட்டிக்கொண்டே திருகைச் சுற்றுங்கள். சோப்பு கூடாது. கெட்டில்பெல் அடிப்பவர்கள் எந்த வாட்சானாலும் கழற்றி வைப்பது உத்தமம்; குண்டு புரண்டு விழும் இடம் சரியாக வாட்ச் கண்ணாடி.

சாம்சங் கேலக்ஸி வாட்சில் ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்ற சிலவற்றுக்கு எண்ணும் வசதி உண்டு. வாட்ச்4 முதல் வந்தவை ஐபோனோடு சேரா, ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டோடு சேராது. போனைப் பார்த்துத்தான் வாட்ச். சாம்சங்கில் உடற்கொழுப்பு அளக்கும் வசதி பலரை இழுக்கிறது. இரண்டு விரலைப் பட்டன்களில் வைத்தால் சின்ன மின்னோட்டம் விட்டு அளக்கும். உடம்பில் இருக்கும் நீரைப் பொறுத்து எண் மாறும் என்பதால் ஜிம் முடிந்து வியர்வையோடு அளப்பது வீண். காலையில் பாத்ரூம் போய்வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல், வாரம் ஒருமுறை அளந்து போக்கை மட்டும் பாருங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் தொடவே கூடாது. அமேஸ்ஃபிட் குறைந்த விலையில் எண்ணும் வசதியும் நாள்கணக்கில் நிற்கும் பேட்டரியும் தருகிறது, எந்த போனோடும் சேரும். முதல் வாட்ச் என்றால் அங்கேயே தொடங்கலாம்.

ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்துக்கு நூற்றுச் சொச்சம் ஸ்போர்ட்ஸ் மோட் என்று விற்பவை வேறு ரகம். கபடி, யோகா, வெயிட்லிஃப்டிங் என்று படம் மட்டும் மாறும், உள்ளே நேரமும் துடிப்பும் ஒரு மதிப்பீடும்தான். கடையிலேயே சோதிக்க ஒரு வழி: வாட்சைச் சுருட்டிய துண்டின் மேல் கட்டித் துடிப்பை அளக்கச் சொல்லுங்கள். துண்டுக்கு 78 துடிப்பு என்று சொல்லும் வாட்ச் உங்களுக்கு என்ன சொல்லும்? நல்ல வாட்சும் எப்போதாவது இதில் சறுக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் எண் வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். புஜத்தில் காற்றுப் பட்டை கட்டாமலேயே ரத்த அழுத்தம் காட்டும் மலிவு வாட்சின் எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டிக் குறைப்பது விபரீதம்.

வெயிலுக்கு வருவோம். ஆப்பிள் தன் வாட்சை (அல்ட்ரா வகை தவிர) 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. வேலூரில் கத்திரி வெயில் 40-ஐத் தாண்டும். வண்டியின் டேங்க் மேலோ கார் டேஷ்போர்டிலோ வைத்துவிட்டு ஜிம்முக்குள் போனால் திரும்பி வரும்போது சார்ஜ் ஏறாமல் சூட்டு எச்சரிக்கை காட்டும். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். நிழலில் வைத்தாலே போதும். தண்ணீர் தாங்கும் என்பதற்காக வாட்சில் போட்டிருக்கும் 5 ஏடிஎம் என்பது அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்கான அளவு. ரப்பர் வாஷர் வருடங்களில் தளரும், சோப்பு அதைச் சீக்கிரம் தளர்த்தும், அதனால் வாட்சோடு குளிப்பதை விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராப் விஷயத்தில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் ஊர்களுக்கு நடுவே இருந்துகொண்டு சொல்வது கொஞ்சம் சங்கடம்தான்: தோல் ஸ்ட்ராப் ஜிம்முக்கு ஆகாது. வியர்வை உப்பு ஏறி விறைத்து, வெடித்து, நாறும். கல்யாணத்துக்குத் தோல், ஜிம்முக்குச் சிலிக்கான் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். கார்மின், அமேஸ்ஃபிட், சாம்சங் பலவற்றில் 20 அல்லது 22 மில்லிமீட்டர் அகலத்தில், விரலால் தள்ளிக் கழற்றும் முள் இருக்கும், அரை நிமிட வேலை. சிலிக்கானையும் ஒவ்வொரு நாளும் தண்ணீரில் அலசித் துடைத்துக் காயவிட்டுத்தான் மறுபடி கட்ட வேண்டும். ஈரம் அடியில் நின்றால் மணிக்கட்டில் சிவந்து அரிக்கும். அப்படி வந்தால் ஆறும்வரை அந்தக் கையில் கட்ட வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: சர்வீஸ் சென்டர் வேலூரில் இருக்கிறதா, இல்லை சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது. பில்லில் வாட்சின் சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். திரை உடைவது பெரும்பாலும் வாரன்டியில் வராது. டெம்பர்டு கிளாஸ் ஒட்டிக்கொள்வதாக இருந்தால் ராடில் கை வைப்பதற்கு முன்பே ஒட்டிவிடுங்கள், ராடின் சொரசொரப்பு முதல் வாரத்திலேயே கோடு போட்டுவிடும்.